கப்பல் காசில் கட்டிய பாலம்

மணல்கழி முகத்துவாரத்துக்கு நேர் எதிரே கடலில் நங்கூரம் போட்டு நின்ற வெள்ளைக் கேசினோக் கப்பலில், எங்கெங்கிருந்தோ வந்த பணக்காரர்கள் சீட்டிலும் சுழல்சக்கரத்திலும் தோற்றுவிட்டுப் போகிற பணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு கரையோரப் பேரூராட்சிக்குச் சேர வேண்டும், அதைப் பொதுநலப் பணிக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று அரசாணை வந்த நாளில், பேரூராட்சித் தலைவர் கலியமூர்த்தி அந்தத் தாளை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பொதுநலம் என்றால் முதலில் ஊர் வாசலில் ஒரு வளைவுதான் என்று தீர்மானம் போட்டார். ஊரில் நல்ல குடிதண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, ஏழாவது வார்டான தீவுக்குப்பத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரப் படகை விட்டால் வழி இல்லை. ஆனால் வளைவு இல்லாத குறைதான் கலியமூர்த்தியைப் பல வருஷமாகத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

வளைவு எழும்பியது, ரிப்பன் வெட்டினார்கள், மறுநாளே அது சூதாடத் தொடங்கியது. மீன்கூடையோடு அதன் கீழே நடந்துபோன ஒருத்தியின் சுருக்குப்பையில் அவள் வைக்காத ஐம்பது ரூபாய் இருந்தது. அவளுக்குப் பின்னால் வந்த தபால்காரரின் குடை காணாமல் போய், எதிரே சைக்கிளில் வந்துகொண்டிருந்த டீக்காரரின் கையில் விரிந்து நின்றது. ஊரார் இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. கப்பல் காசில் கட்டியது கப்பல் மாதிரிதான் நடந்துகொள்ளும், பிறந்த வீட்டுப் புத்தி எங்கே போகும் என்று சொல்லிவிட்டு, வளைவு வழியே போகிறவர்கள் கையில் உயர்ந்த சாமான் எதுவும் வைத்துக்கொள்ளாமல் போகப் பழகினார்கள். தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டு போனால் வளைவு தொடாது என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து கிழிந்த சட்டையும் காலிப் பையுமாக ஆட்கள் பஸ் ஏறி வந்து பத்துத் தரம் அதன் கீழே நடந்து, சிலர் சிரித்துக்கொண்டும் சிலர் செருப்பில்லாமலும் திரும்பிப் போனார்கள். கலியமூர்த்தி மட்டும் தான் கட்டிய வளைவின் கீழே ஒருநாளும் போகாமல் சுடுகாட்டுப் பாதையைச் சுற்றியே ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது தவணையாக வந்த பங்கில் தெருவிளக்கு போட்டார்கள். சாயங்காலம் ஆனால் ஒரு தெருவுக்கு ஒரே ஒரு விளக்குத்தான் எரியும், ஆனால் அந்த ஒன்று பட்டப்பகல் மாதிரி எரியும், நாளைக்கு யார் வாசல் என்பது அதற்கே வெளிச்சம். விளக்கு விழுந்த வாசலில் அன்றைக்குத் தெருவே கூடிப் பூக்கட்டியது, பிள்ளைகள் அங்கேயே வந்து உட்கார்ந்து பாடம் படித்தார்கள், தீவுக்குப்பத்தில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு ஓரகத்திகள் வேறு வழியில்லாமல் ஒரே வெளிச்சத்தில் மீன் ஆய்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால், எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வாசலில் விளக்கு எத்தனை நாள் விழுந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

தீவுக்குப்பத்துக்கு வார்டு உறுப்பினராக இருந்தவள் தைலம்மா. குரல் என்றால் குரல், அவள் அக்கரையில் நின்று கூப்பிட்டால் இக்கரையில் கூட்டம் நடக்கிற மன்றத்தில் தண்ணீர் டம்ளர் அதிரும். அவள் தேர்தலில் நின்றதே ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், மகள் பவளத்துக்குத் தலைப்பிரசவ வலி எடுத்து, தைலம்மாவும் புருஷன் ஏகாம்பரமும் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலில் இறங்கியபோது, வெள்ளம் படகைச் சுழற்றி மூன்று மணி நேரம் கரை சேரவிடாமல் வைத்திருந்தது. குழந்தை படகிலேயே பிறந்து படகிலேயே போய்விட்டது. அன்றிலிருந்து தைலம்மாவுக்குத் தீவுக்குப்பத்துக்கு ஒரு பாலம் வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்திடம் கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை.

மூன்றாவது பங்கு வந்தபோது அவள் பாலம் கேட்டாள். கலியமூர்த்தி, பாலத்துக்கு இந்தக் காசு பத்தாது, முதலில் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வாங்கிக்கொள் என்றார். கிடைத்ததை விடுவானேன் என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

குழாயும் சூதாடியது. குப்பத்தில் அறுபத்தோரு வீடு. காலையில் வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகக் குழாயைத் திறந்தால், ஒருத்திக்கு ஐம்பது குடம் கொட்டும், அவளுக்கு அடுத்த ஏழு பேருக்குக் காற்றுகூட வராது, எட்டாவது ஆளுக்கு ஒரு சொம்பு வந்து நின்றுவிடும். பெண்கள் குழாய்க்கு மஞ்சள் பூசினார்கள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள், கையில் ராசி இருக்கிறவள் என்று பெயரெடுத்த ஒருத்தியைப் பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் குடத்துக்காகக் குழாய் திறக்கக் கூட்டிப்போனார்கள், அவள் திறந்ததும் குழாய் கொட்டாவி விட்டது. ஒரு மாதத்தில் குப்பத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று ஆயிற்று. அறுபத்தோரு வீட்டிலும் ஜெயிக்கிறவளைப் பார்த்து வயிறு எரிந்தார்கள், ஜெயித்தவள் நாளைய பயத்தில் தண்ணீரை ஒளித்து வைத்தாள்.

தைலம்மா நாலு நாள் குழாயடியிலேயே உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு வந்தது என்று பார்த்தாள். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அடியே, இந்தக் கொழா ஒரு சொட்டும் முழுங்கலடி. தொட்டியில இன்னா ஏறுதோ அதான் எறங்குது. ஒனக்கு வராத தண்ணி அவ கொடத்துல கீது, அவளுக்கு வராதது இவ கொடத்துல கீது. வளைவுல காணாமப் போன கொட டீக்காரு கையில இருந்துச்சே, அத மாதிரிதான். இதுக்குப் போயி மொகத்தத் திருப்பிக்கினு நிக்கறோமே, நமக்கு வெக்கமா இல்ல?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நம்ம ஆம்பளைங்க கழியில இன்னா பண்றாங்களோ அதப் பண்ணுவோம். பாடு போடுவோம்."

உப்பங்கழியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒரு துறையில் வலை கிழியும், இன்னொரு துறையில் பாசிதான் வரும். அதனால் தீவுக்குப்பத்து ஆண்கள் எந்தக் காலத்திலோ பாடு என்று ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள்: வருஷத்துக்கு ஒருமுறை எல்லோர் பேரையும் மண்பானையில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் எந்தத் துறை என்று எடுப்பார்கள், ஒரே பாட்டில் சேர்ந்தவர்கள் கிடைத்ததைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள், காய்ச்சலில் படுத்தவனுக்கும் பங்கு வீடு தேடிப் போகும். பானையில் பேர் போட்டவன் பங்கு கேட்கலாம், விழுந்த பங்குக்கு முகம் சுளிக்கக் கூடாது. இதுதான் குப்பத்தின் சட்டம், இதற்கு அரசாணை எதுவும் கிடையாது.

அன்றிலிருந்து பானையில் பேர் எடுத்து, வந்த வரிசையில் குழாய் திறந்தார்கள். யாருக்கு எவ்வளவு வந்தாலும் அறுபத்தோரு வீட்டுக்கும் சமமாக ஊற்றினார்கள். குழாய் விடுமா? ஒருநாள் அறுபது பேருக்கு ஒரு சொட்டுக்கூடத் தராமல், கடைசியாக வந்த ஒரு கிழவருக்கு மொத்தத் தொட்டியையும் கொட்டியது. அவர் இடுப்பு வரை நனைந்துகொண்டு, "வாங்க, வாங்க, எனக்கு அடிச்சா ஊருக்கே அடிச்ச மாதிரி" என்று கூவ, அறுபது பேரும் சிரித்துக்கொண்டே குடத்தோடு ஓடினார்கள். யாரும் வயிறெரியாத இடத்தில் சூதாட அதற்கு அலுத்துப் போயிருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டது.

இந்தச் சேதியோடு தைலம்மா அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் போனாள். அப்போது பவளம் மறுபடி முழுகாமல் இருந்தாள், இரண்டு மாதம். பிறக்கப்போவது ஐப்பசியில் என்று தைலம்மா விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். அவள் பாலம் என்றாள். டால்பின் நீரூற்று என்றார் கலியமூர்த்தி.

"தண்ணி சூதாடினா தாகத்தோட போகும் தைலம்மா. பாலம் சூதாடினா நடு வாய்க்கால்ல ஆளு போயிடும். அந்தப் பழியை யார் சுமக்கறது?"

"பாலம் இல்லாம ஆளு போனப்ப யாரு தலைவரே சொமந்தது? நான்தான் சொமந்தேன், ஒரு சேலையில சுத்தி."

செயல் அலுவலர் சுகந்தி அரசாணையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பாலமும் பொதுநலப் பணிதான், டால்பின் என்ற சொல் மட்டும் எங்கேயும் காணோம் என்று மெதுவாகச் சொன்னார். ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது ஆறுக்கு ஆறாக நின்றது. தைலம்மா கலியமூர்த்தியை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "பாலத்துக்கு ரெண்டு பக்கமும் வளைவு வெச்சுக்கலாம் தலைவரே, பேரு பெருசா எழுதி" என்றாள். கலியமூர்த்தியின் கை அவரைக் கேட்காமலே மேலே போயிற்று.

புரட்டாசிக் கடைசியில், இரண்டு பக்கமும் வளைவோடு பாலம் முடிந்தது. மேளம் கொட்ட, மாலை போட்டு, கலியமூர்த்தி ரிப்பனை வெட்டி, சம்பிரதாயத்துக்கு முதல் ஆளாகக் காலெடுத்து வைத்தார். பாலம் அவரை ஒன்றும் செய்யவில்லை; நீண்டது, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு நடக்கத் தொடங்கியவர் பன்னிரண்டு மணிக்கும் நடந்துகொண்டிருந்தார், கரையில் நிற்பவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லும் தூரத்தில், வேர்த்து விறுவிறுத்து, மாலை வாடி, மேளக்காரர்கள் கை ஓய்ந்து வாழையிலை போட்டுச் சாப்பிடவே உட்கார்ந்துவிட்டார்கள், அவருக்குப் பின்னால் புகுந்த ஒரு வெள்ளாடு ஆறே எட்டில் அக்கரை ஏறி அவருக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அக்கரையில் காலை வைத்த கலியமூர்த்தி, "இதை மூடுங்க" என்றார். திங்கட்கிழமை தடுப்புக் கட்டை வந்துவிடும் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமை காலை வாய்க்கால் இரண்டு கரையும் புரண்டு, அந்தப் பழைய ஐப்பசி மாதிரியே செம்மண் நிறத்தில் ஓடியது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பவளம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, எடுத்துடுச்சும்மா" என்றாள்.

மருமகன் மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் போயிருந்தான். படகை நினைக்கவே முடியாது. ஆம்புலன்ஸ் அக்கரையில் வந்து நிற்பது மழையினூடாகத் தெரிந்தது. நடுவில் பாலம், யாருக்கு ஆறு எட்டு, யாருக்கு நாலு மணி நேரம் என்று அதற்கு மட்டுமே தெரிந்த பாலம். தைலம்மாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் வரவில்லை. நான் கேட்டு வாங்கிய பாலம், நானே கை தூக்கி வாங்கிய பாலம், இதில் என் பிள்ளையை ஏற்றி நாலு மணி நேரம் நடத்திக் கொல்லப் போகிறேனா என்று அவள் வாசலிலேயே நின்றாள்.

ஏகாம்பரம் உள்ளே போய்ப் பாடு போடுகிற பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாயா பண்ற?" என்று தைலம்மாவின் உதடு மட்டும் அசைந்தது.

"பாடு போடறேன். நீதான் சொன்ன, இதுங்க ஒண்ணும் முழுங்கறதில்ல, ஒருத்தர்து இன்னொருத்தருக்குப் போவுதுன்னு. இவளுக்கு வர்ற தூரத்த நாம வாங்கிக்குவோம்."

சீட்டு எழுத நேரமில்லை. தெருவில் ஓடி வந்தவர்கள் கையில் என்ன இருந்ததோ அதைப் பானையில் போட்டுத் தங்கள் பேரைச் சொன்னார்கள், ஈயக்குண்டு, சட்டைப் பித்தான், மெட்டி, பீடிக்கட்டு. குழாயடியில் முகம் திருப்பிக்கொண்டு நின்றவர்களும் போட்டார்கள், ஓரகத்திகள் இருவரும் போட்டார்கள், இடுப்பு வரை நனைந்த கிழவர் தன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டு வழி தெரியாமல் தடவினார். நாற்பத்து மூன்று பேர். ஏகாம்பரம் பானையைத் தலைக்கு மேல் தூக்கி, கடலைப் பார்த்தா, கப்பலைப் பார்த்தா என்று தெரியவில்லை, உரக்கச் சொன்னார். "நாப்பத்து மூணும் ஒரே பாடு! நல்ல பங்கு எம் பொண்ணுக்கு! மோசப் பங்கு எங்களுக்கு, அதுலயும் மோசமானது எனக்கு!"

பெரிய வலையின் கயிற்றை எல்லோரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்கள், முன்னால் பவளம், அவள் இடுப்பை அணைத்தபடி தைலம்மா, கடைசியில் ஏகாம்பரம். எல்லோரும் ஒன்றாக வலது காலை எடுத்து வைத்தார்கள். பாலம் ஒருமுறை சிலிர்த்தது. பவளம் ஓர் அடி வைத்தாள், அம்மாவின் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு முன்னே போனாள். ஆறாவது அடியில் நடுப்பாலம். கயிறு மட்டும் அவள் கையில் நீண்டுகொண்டே இருந்தது. பதினோராவது அடியில் அக்கரையில் நின்றாள், ஆம்புலன்ஸ் கதவு திறந்து அவளை வாங்கிக்கொண்டது. தைலம்மா அதே பாலத்தில், அதே இடத்தில் நடந்துகொண்டிருந்தாள், எட்டு வைக்க வைக்கத் தூரம் வளர்ந்தது, அவள் பின்னால் நாற்பத்திரண்டு பேர் மழையில் நனைந்துகொண்டு நடந்தார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தோடு அவள் அதற்கு முன்னால் எங்கேயும் நடந்ததில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அவள் மடியிலிருந்த போன் அடித்தது. ஆம்புலன்ஸில் கூடவே போன செயல் அலுவலர் சுகந்திதான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, தாயும் பிள்ளையும் சுகம். தைலம்மா பாலத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன குரல் திரும்பி வந்தது, வந்த வேகத்தில் அவள் போட்ட சத்தத்தில் கடலில் கப்பலிலிருந்த ஆட்டக்காரர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் தளத்துக்கு ஓடிவந்து பார்த்தார்கள் என்று இன்றைக்கும் மணல்கழியில் சொல்வார்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். தைலம்மா அன்று சாயங்காலம், ஓரகத்திகள் இருவரும் கைகோத்தபடி ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி இல்லாத கிழவர் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை தடுப்புக் கட்டையோடு வந்த ஆட்கள், உள்ளே ஆள் நடந்துகொண்டிருக்கும்போது எப்படி மூடுவது என்று கட்டையின் மேலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். புதன்கிழமைக்கு மேல் பாலத்தில் மிச்சமிருந்தது ஏகாம்பரம் ஒருவர்தான். அவர் நடந்துகொண்டே இருந்தார், தாடி வளர்ந்தது, இரண்டு கரையிலிருந்தும் அவருக்குப் புளிச்சோற்றுப் பொட்டலமும் கருவாடும் வீசினார்கள், அவர் லாவகமாகப் பிடித்துக்கொண்டு, "கொழந்த பால் குடிக்குதா?" என்று கேட்பார், குடிக்குது குடிக்குது என்று கரையே பதில் சொல்லும். "கால் வலிக்குதாய்யா?" என்று தைலம்மா கேட்டால், "வாங்குன பங்குக்கு மொகம் சுளிக்கலாமா?" என்பார்.

பதினாறாம் நாள், பேர் வைக்கிற அன்று காலை வெயில் வந்தது. ஊரே பாலத்தின் அக்கரை வளைவின் கீழே கூடியிருந்தது. ஏகாம்பரம் கடைசி எட்டை எடுத்து வைத்துத் தரையில் நின்றார். பாலத்திடம் கொடுப்பதற்கு இனித் தூரம் எதுவும் மிச்சமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கலியமூர்த்தி எதையோ நினைத்துக்கொண்டு, ஊர் வாசல் வளைவைச் சுற்றிப்போகிறவர், இந்த வளைவின் கீழே தானாக வந்து நின்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே வைத்திருந்த பேனா அப்படியே இருந்தது.

"அடுத்த பங்குல சாக்கடை போட்டுடலாம்" என்றார். "முதல்ல அந்தப் பானையைக் கொண்டாந்து மன்றத்துல வையுங்க."

பவளம் குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அதன் முகத்தை வெகுநேரம் பார்த்தார், தாடியில் வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போவலாம்" என்று சொல்லி, வந்த பாலத்திலேயே திரும்பி இறங்கினார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கியது, பத்து, இருபது, ஐம்பது, தைலம்மாவின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே, நூறு, நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பன்னிரண்டாவது எட்டில் ஏகாம்பரமும் பேத்தியும் தீவுக்குப்பத்தில் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பாலம் எல்லோருக்கும் நூற்றுப் பன்னிரண்டு எட்டுத்தான்.